ஸ்கேன் ரிப்போர்ட்டுல கடைசி ரெண்டு வரிய மட்டும் நம்பாதீங்க

எங்க பெரியப்பாவுக்கு 61 வயசு. மேல் வயித்துல வலி ஆரம்பிச்சு முதுகு வரைக்கும் போகும், எடை இறங்கிட்டே வந்துச்சு, பரம்பரைல யாருக்கும் இல்லாத சுகரும் புதுசா வந்துருச்சு. இந்த மூணும் சேந்து வந்தா கணையத்தப் பாக்கணும். ஸ்கேன் சென்டர்ல அல்ட்ராசவுண்டு எடுத்துட்டு "கிரேடு 1 ஃபேட்டி லிவர்"னு குடுத்தாங்க (இது இல்லாத ரிப்போர்ட்ட நம்ம ஊர்ல யாராச்சும் பாத்திருக்கீங்களா?). கணையத்துக்கு நேரா "குடல் வாயு மறைக்குது"ன்னு ஒரு வரி, அதாவது கணையத்தப் பாக்கவே இல்ல.

வலி நிக்கலன்னு அதே சென்டர்ல சிடி ஸ்கேன் எடுத்தோம். கிட்னி எப்படி இருக்குன்னு காட்ற கிரியாட்டினின்லாம் சரியாத்தான் இருந்துச்சு, ஆனாலும் கான்ட்ராஸ்ட் (ஊசில ஏத்தற மருந்து) போடல, கேட்டா "வயித்து வலிக்கு ப்ளெயினே போதும் சார்". மருந்து ஏத்தாம எடுத்தா கணையக் கட்டியும் சுத்தி இருக்கற சதையும் ஒரே மாதிரி தெரியும், ஊசி போட்டு 40-45 செகண்ட்ல ஒரு தடவ, 70 செகண்ட் வாக்குல இன்னொரு தடவ மெல்லிசு மெல்லிசா எடுத்தாத்தான் பெரும்பாலும் கட்டி கருப்பா பிரிஞ்சு தெரியும், இதுக்கு பேன்க்ரியாஸ் புரோட்டோகால்னே பேரு. இதவிடக் கொடும, அந்த ரிப்போர்ட் நடுவுலயே "கணைய நாளம் 5 மி.மீ., லேசான விரிவு"ன்னு இருந்துச்சு (நாளம்னா இங்க ரத்தக்குழாய் இல்ல, கணையத்துலருந்து செரிமான நீர் போற குழாய்). பொதுவா 3 மி.மீ. தாண்டக் கூடாது. கீழ இம்ப்ரெஷன்ல, அதாவது கடைசில முடிவு எழுதற வரிகள்ல, அதக் காணோம், டாக்டர் இம்ப்ரெஷன மட்டும் பாத்துட்டு கேஸ் மாத்திர எழுதுனாரு.

அப்புறம் கண்ணு மஞ்சளாச்சு, சொந்தக்காரங்க கீழாநெல்லி குடுக்கச் சொன்னாங்க, அதுல கொஞ்ச நாள் போச்சு. பெரிய ஆஸ்பத்திரில சரியான சிடி, எண்டோஸ்கோப்பி வழியா அல்ட்ராசவுண்டு, பயாப்ஸி. கணையத் தலையில கேன்சர், ரத்தக்குழாய சுத்திருச்சு, இப்ப ஆபரேஷன் முடியாது, முதல்ல கீமோன்னுட்டாங்க. பழைய சிடியப் போட்டுப் பாத்த சர்ஜன், நாளம் சட்டுனு நிக்கற இடத்தக் காட்டி, அப்பவே வந்திருந்தா ஆபரேஷனுக்கு சான்ஸ் இருந்திருக்கலாம்னாரு.

இங்கிலாந்துலயும் இந்தக் கததான். பர்மிங்காம் பல்கலைக்கழகத்து ஆளுங்க 2022ல சொன்ன ஆய்வுல, ஸ்கேன்ல தவறிப்போன கணையப் புற்றுநோய் கேஸ்கள்ல மூணுல ஒரு பங்குக்கு மேல அப்படித் தவறவிட்டதத் தவிர்த்திருக்கலாம்னு வந்துச்சு.

சென்டர்ல போய்க் கேட்டா, "க்ளினிக்கலா கோரிலேட் பண்ணுங்கன்னு போட்ருக்கோமே"ங்கறாங்க, அதாவது நோயாளியோட அறிகுறியோட டாக்டர்தான் ஒப்பிட்டுப் பாக்கணுமாம். அது எல்லார் ரிப்போர்ட்லயும் அச்சடிச்சு வர்ற வரிங்க!

உங்க வீட்லயும் இப்படி இருந்தா ரிப்போர்ட்ட மேலருந்து படிங்க, வாயு மறைக்குதுன்னு இருந்தா கான்ட்ராஸ்ட் சிடி வேணுமான்னு கேளுங்க, ஃபிலிம் மட்டும் வாங்காம ஸ்கேன் படம் பதிஞ்ச டிஸ்க்கையும் கேட்டு வாங்குங்க. பில்லத் தூக்கிப் போட்றாதீங்க, நுகர்வோர் ஆணையத்துக்குப் போறதுன்னா ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும், நாங்க வக்கீலப் பாத்துட்டோம்.