மூணு வருஷமா அலகோட கணக்கு போட்டுப் பாத்ததுல என் அனுபவம்

பையன் ஆறாவது படிக்கும்போது ஆரம்பிச்சது, இப்ப ஒன்பதாவது. வேகக் கணக்கு வந்தா நம்பரை மட்டும் எழுதாம ஒவ்வொரு வரியிலயும் கிமீ, மீட்டர், மணி, விநாடின்னு சேத்து எழுதி, அலகையும் பின்னம் மாதிரி மேல கீழ அடிக்கிறது, அவ்ளோதான் முறை.

அதுக்கு முன்னாடி கிமீ/மணியை மீ/விநாடியா மாத்த 5/18ஆல பெருக்குற ஷார்ட்கட்தான், எங்க டியூஷன்ல மனப்பாடம் பண்ண வச்சதை நானும் அவனுக்கு அப்படியே சொல்லிக்குடுத்தேன், ஆனா பரீட்சை ஹால்ல அது 5/18ஆ 18/5ஆன்னு எனக்கே அந்தக் காலத்துல குழம்பும். இப்ப 72 கிமீ/மணின்னா 72 × 1000 மீ, கீழ 3600 விநாடி, அடிச்சா 20 மீ/விநாடி. 150 மீட்டர் ரயில் 250 மீட்டர் பாலத்தைத் தாண்ட எவ்ளோ நேரம்னா 400 மீட்டரை 20ஆல வகுத்து 20 விநாடி. ரயில் நீளத்தைக் கூட்ட மறக்குறதுக்கு மட்டும் இந்த முறையில மருந்து கிடையாது, படம் போட்டாதான் வரும்.

இதை நம்ப வச்சது ஒரு சமன்பாட்டுக் கணக்குதான். மணிக்கு 4 கிமீ வேகத்துல நடந்தா ஸ்கூலுக்கு 10 நிமிஷம் லேட், 5 கிமீல நடந்தா 5 நிமிஷம் முன்னாடி, தூரம் எவ்ளோ? பையன் x/4 − x/5 = 15னு போட்டு 300 கிமீன்னு கொண்டு வந்தான். டேய், சென்னைல இருந்து நடந்தா திருச்சிய நெருங்கிடுவியேடான்னு கேட்டேன், அவனே சிரிச்சுட்டான். இடதுபக்கம் மணி, வலதுபக்கம் நிமிஷம். 15/60னு மாத்தினதும் 5 கிமீ வந்துடுச்சு.

1983ல கனடாவுல ஒரு போயிங் 767க்கு லிட்டரை எடையா மாத்துறப்ப 1.77ஆல பெருக்கி, வந்தது பவுண்டுன்னு தெரியாம கிலோன்னு நினைச்சு எரிபொருள் போட்டு, நடுவானத்துல இன்ஜின் நின்னுபோன கதையை (எல்லாரும் பிழைச்சுட்டாங்க) சொன்னப்புறம் நான் திட்டவே வேண்டியிருக்கல.

குறைன்னா நேரம். ஒரு கணக்குக்கு ரெண்டு மூணு வரி கூடுது, போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவங்களுக்கு 5/18தான் சரிப்படும். அப்புறம் ஒரே தூரத்தைப் போறப்ப மணிக்கு 40 கிமீ, வர்றப்ப 60, சராசரி வேகம் எவ்ளோன்னா அலகு ரெண்டும் ஒண்ணுதானேன்னு இன்னமும் 50னு எழுதுறான். மெதுவா போறப்ப நேரம் கூட ஆகுதே, 48டா. போன வாரமும் அதே தப்பு.