சின்ன டிசைன் தொழிலில் கூட்டு வேலை: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

கும்பகோணத்தில் கல்யாணப் பத்திரிகை, கடை லோகோ, துணிப்பை, லேபிள், நோட்டீஸ் என்று வருகிற டிசைன் வேலையெல்லாம் செய்கிறேன். கடையில் நான் ஒரே ஆள்தான். ஆனால் வேலையில் ஐந்து பேர். மயிலாடுதுறையில் ஒரு அண்ணன், முன்பு சுவர் விளம்பரம் எழுதியவர், இப்போது தலைப்பு எழுத்து வரைந்து தருகிறார். திருத்துறைப்பூண்டியில் ஒரு தம்பி லேஅவுட் செய்கிறான். போட்டோவுக்கு உள்ளூர் நண்பர் ஒருவர். பிழை பார்க்க ஓய்வுபெற்ற தமிழ் டீச்சர். யாரும் யாருக்கும் சம்பள ஆள் கிடையாது. வேலை வந்தால் சேருவோம், முடிந்ததும் பணத்தைப் பிரித்துக்கொள்வோம். கஜா புயலுக்கு முன்பிருந்தே இப்படித்தான் ஓடுகிறது.

சேர்ந்தால் ஆர்டர் கூடும் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தோம். ஆர்டர் பெரிதாகக் கூடவில்லை. கிடைத்த லாபம் வேறு: அச்சுத் தகடான பிளேட் போடுவதற்கு முன்பே தப்பு பிடிபடுகிறது, தனியாக இருந்தால் ‘முடியாது’ என்று திருப்பி அனுப்பியிருக்க வேண்டிய வேலையை எடுக்க முடிகிறது.

பத்திரிகையையே எடுத்துக்கொள்ளுங்கள். டிசைன் செய்தவன் கண்ணுக்கு எழுத்து தெரியாது, பார்டர்தான் தெரியும். டீச்சரோ பார்டரைப் பார்ப்பதே இல்லை. தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி, கிழமை மூன்றும் பஞ்சாங்கத்தோடு ஒத்துப்போகிறதா, தாய்மாமன் பெயர் இரண்டு பக்கத்திலும் இருக்கிறதா, இனிஷியல் சரியா என்று பேனாவோடு உட்கார்ந்துவிடுவார். ‘திருவளர்ச்செல்வன்’ என்று நடுவில் ஒற்று போட்டால் அந்தத் தாள் அப்படியே திரும்பி வரும். “தம்பி, கல்யாண வீட்டுக்காரங்க ஓகே சொல்லியாச்சுன்னா அது சரின்னு அர்த்தமில்ல” என்பார். அவர் பார்த்த பிறகுதான் வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்குகிறோம். ஆயிரம் பத்திரிகை அச்சான பிறகு மாமனாரின் இனிஷியல் மாறியிருப்பது தெரிந்தால் என்ன நடக்கும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் ஐந்து கம்ப்யூட்டருக்கு நடுவே தமிழ் எழுத்து பயணம் செய்வதுதான் பெரிய தலைவலி. இங்கே பல அச்சகங்களில் இன்னும் பாமினி, வானவில், ஸ்ரீலிபி என்கிற பழைய எழுத்துருக்களில் அடித்த பைல்கள்தான். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் முகூர்த்த நேரம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடில் அடித்தால் பழைய கோரல்டிராவில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும். பழைய போட்டோஷாப்பில் டைப் செட்டிங்கில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வை மாற்றாவிட்டால் அங்கேயும் இதே கதை. தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடையும் டேஸ் 16 என்கிற தமிழ்க் குறியாக்க முறையையும் தரநிலையாக அறிவித்துவிட்டது. அச்சகத்துக் கம்ப்யூட்டருக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை!

இப்போது நாங்கள் செய்வது இது. வாசகம் எல்லாம் ஒரே கூகுள் டாக்கில் யூனிகோடில் இருக்கும். திருத்தம் அங்கே மட்டும்தான், வாட்ஸ்அப்பில் வருகிற திருத்தம் செல்லாது. பொதுவான எழுத்துரு முக்தா மலர், நோட்டோ, காட்டமரான் போன்றவை. கூகுள் பான்ட்ஸில் இலவசமாகக் கிடைப்பதால் ஐந்து பேரிடமும் ஒரே எழுத்துரு இருக்கிறது. அச்சகத்துக்குப் போகும் பைலை மட்டும் கர்வ் செய்து, அதாவது எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக மாற்றி அனுப்புவோம், கர்வ் செய்யாத பைல் தனியாக கூகுள் டிரைவில் இருக்கும். கர்வ் செய்ததை மட்டும் வைத்துக்கொண்டால் கடைசி நேரத்தில் ஒரு பெயரை மாற்றக்கூட முடியாது. தலைப்புக்கு இந்த எழுத்துருக்கள் கொஞ்சம் சப்பென்று இருக்கும், உண்மைதான். அண்ணன் கையால் எழுதி ஸ்கேன் செய்து அனுப்புவது அதற்காகத்தான். அவர் எழுதும் ‘ஸ்ரீ’யைக் காட்டி “இதே மாதிரி வேணும்” என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு.

தனியாளால் முடியாத வேலைக்கு ஒரு உதாரணம், நாச்சியார்கோயில் குத்துவிளக்குப் பட்டறை ஒன்றுக்குச் செய்த விலைப்பட்டியல். பாலிஷ் போட்ட பித்தளையைப் படம் எடுப்பது லேசில்லை. விளக்கின் வயிற்றில் ட்யூப்லைட்டும் கேமராவும் எடுப்பவர் முகமும் தெரியும். நண்பர் விளக்கைச் சுற்றி வெள்ளை வேட்டியைக் கட்டி, வெளிச்சத்தை வெளியிலிருந்து விட்டு எடுத்தார். எனக்கு அது ஓடியே இருக்காது. தம்பி அட்டையில் புவிசார் குறியீட்டு முத்திரை வைக்கலாம் என்றான். அந்த விளக்குக்குக் குறியீடு இருப்பது உண்மை. ஆனால் 1999-ஆம் வருடச் சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்தவர்தான் அதைப் பயன்படுத்தலாம். பட்டறைக்காரரிடம் பதிவுச் சான்றைக் கேட்டு வாங்கச் சொன்னதும் டீச்சர்தான்.

சரி, பணம். கூட்டு வேலை உடைவது பெரும்பாலும் இதில்தான். எங்கள் கணக்கு: பேப்பர், பிளேட், அச்சுச் செலவைக் கழித்துவிட்டு மீதியைப் பத்துப் பங்காக்குவோம். ஆர்டர் கொண்டுவந்தவருக்கு இரண்டு, பிழை பார்ப்பவருக்கு ஒன்று, அச்சகத்தில் நின்று கலர் பார்ப்பவருக்கு ஒன்று, மீதி ஆறு வரைந்து, படம் எடுத்து, லேஅவுட் செய்தவர்களுக்கு. அந்த ஆறை எப்படிப் பிரிப்பது என்பதை வேலை ஆரம்பிக்கும் முன்பே குரூப்பில் எழுதிவிடுவோம். அட்வான்ஸ் வந்த அன்றே அவரவர் பங்கு ஜிபேயில் போய்விடும். திருத்தம் இரண்டு முறைக்கு மேல் போனால் கூடுதல் தொகை, அது திருத்துபவருக்கே.

ஒரே நிறுவனமாகப் பதிவு செய்துவிடலாமே என்று பலரும் கேட்டார்கள். நாங்கள் செய்யவில்லை. 1932-ஆம் வருடக் கூட்டாண்மைச் சட்டப்படி, வேறுவிதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் லாபமும் நஷ்டமும் எல்லோருக்கும் சமம். மாதம் முழுக்க வேலை செய்தவனுக்கும் ஒரு தலைப்பு மட்டும் எழுதியவருக்கும் ஒரே பங்கு என்பது எங்களுக்குச் சரிப்படாது. தவிர நிறுவனத்தின் பேரில் ஒருவர் வாங்கும் கடனுக்கு எல்லோரும் பதில் சொல்ல வேண்டிவரும். ஆனால் லோகோ வேலைக்கு மட்டும் ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்கிறோம். 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தில் சம்பளத்துக்கு இல்லாமல் வரைந்தவருக்குத்தான் பொதுவாக முதல் உரிமை. கடைக்காரருக்கு அதை எழுத்தில் மாற்றிக் கொடுத்தால்தான் அவருக்குப் போகும். அண்ணன் எழுதிய எழுத்தை நான் விற்க முடியாதல்லவா?

சீசன் விஷயத்திலும் கூட்டு கை கொடுக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் பத்திரிகை வேலை படுத்துவிடும். அப்போது தம்பி பக்கத்து விதைக்கடை, உரக்கடை நோட்டீஸ்கள்தான் ஓடும். 2024-இல் மேட்டூர் அணையை ஜூன் 12-க்குப் பதில் ஜூலை கடைசியில் திறந்தார்கள், அந்த நோட்டீஸ்களும் அதோடு தள்ளிப்போயின. அந்த இடைவெளியைப் போட்டோ நண்பரின் வேலைகள் நிரப்பின. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது திருத்துறைப்பூண்டிப் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. பைல்கள் டிரைவில் இருந்ததால் தை முகூர்த்தத்துக்கான வேலையை இங்கிருந்தே முடித்தோம், தம்பி பங்கு குறையவில்லை.

டிரைவ் இலவசமாகத் தரும் 15 ஜிபி போட்டோ நண்பரின் ஒரு வேலைக்கே பற்றாது, காசு கட்டித்தான் ஆக வேண்டும். வாட்ஸ்அப்பில் படத்தைப் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் சுருங்கிவிடும்.

குறைகளும் இருக்கின்றன. அவசர வேலைக்கு இது ஒத்துவராது. “நாளைக்குக் காலையில் வேணும்” என்று வருகிற இரங்கல் போஸ்டரை இன்றும் நான் தனியாகத்தான் செய்கிறேன். கலர் சண்டை இன்னும் தீரவில்லை. என் திரையில் அரக்காக இருக்கும் திருபுவனம் பட்டு தம்பி திரையில் செங்கல் நிறம், அச்சில் மூன்றாவதாக ஒரு நிறம். அச்சகத்தில் ஆள் நிற்காமல் இதற்கு வழியில்லை. முன்பு எங்களோடு இருந்த ஒருவர் வாடிக்கையாளரை நேராகப் பிடித்துக்கொண்டு போனதும் உண்டு. அதற்கு விதி போட்டுப் பயனில்லை, அடுத்த வேலைக்கு அவரைக் கூப்பிடாமல் இருப்பதோடு சரி.

விலை குறைவாக இருந்தால் போதும் என்கிற வாடிக்கையாளர்களை மட்டும் நம்பித் தொழில் செய்பவர்களுக்கு இந்த முறை வேண்டாம். ஐந்து பங்கு பிரிக்க அதில் பணம் இருக்காது. பத்திரிகை, லோகோ, விலைப்பட்டியல் மாதிரி பார்த்துச் செய்ய நேரம் கிடைக்கும் வேலைகள் என்றால் தாராளமாகச் செய்து பார்க்கலாம். முதலில் இரண்டு பேரோடு, ஒரு சின்ன வேலையில். 2028 மகாமகத்துக்கு லாட்ஜ், ஹோட்டல்காரர்கள் இப்போதே விலை கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். அந்த வேலைகளில் அச்சகத்தில் நிற்பவருக்கு ஒரு பங்கு போதாது, இரண்டு வேண்டும் என்று நண்பர் கேட்கிறார். குரூப்பில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.