ஒன்றரை லட்சம் மைல் ஓடிய டீசல் எஸ்டேட்: ஆக்டேவியாவா, வி70-ஆ, ஈ கிளாஸா?

பிரிட்டனில் ஒன்றரை லட்சம் மைலைத் தாண்டிய டீசல் எஸ்டேட் கார் (பின்புறம் கூரை நீண்டு பெரிய டிக்கி கொண்டது) ஒன்றைக் குறைந்த விலைக்குத் தேடுபவரின் பட்டியலில் கடைசியில் பெரும்பாலும் மூன்று பெயர்கள் மிஞ்சும்: இரண்டாம் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியா 1.9 டிடிஐ, 2001-இல் டி5 எஞ்சினைப் பெற்று 2007 வரை விற்பனையான வோல்வோ வி70, 2003 முதல் 2009 வரை வந்த மெர்சிடிஸ் ஈ கிளாஸ் வரிசையின் ஈ220 சிடிஐ. ஒழுங்காகப் பராமரிக்கப்பட்டால் மூன்றுமே இன்னும் நெடுந்தூரம் ஓடக்கூடியவைதான். ஆகவே, காரின் விலையையே விழுங்கிவிடும் பழுது ஒவ்வொன்றிலும் எது, அது ஏற்கெனவே சரிசெய்யப்பட்டதற்கு ரசீது இருக்கிறதா என்ற இரண்டையும் வைத்தே முடிவெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

லண்டனில் வசிப்பவர்கள் இந்தத் தேடலைத் தொடங்காமல் இருப்பதே நல்லது. 2023 ஆகஸ்ட் 29 முதல் மாநகரம் முழுவதற்கும் விரிந்த யூலெஸ் என்ற குறைந்த மாசு மண்டலத்தில், யூரோ 6 என்ற ஐரோப்பிய மாசுத் தரத்தை எட்டாத டீசல் காரை ஓட்டும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண்டு கட்ட வேண்டும். இந்த மூன்றில் எதுவும் அந்தத் தரத்தை எட்டாது. பர்மிங்காம், பிரிஸ்டல் நகரங்களின் மையப் பகுதிகளிலும் இத்தகைய கட்டணம் உண்டு. நெடுஞ்சாலையில் அன்றாடம் நீண்ட தூரம் செல்பவருக்கே இந்தக் கார்கள் பொருந்தும்.

மூன்றில் எளிமையானது ஆக்டேவியா. 105 குதிரைத்திறன் கொண்ட அதன் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் உரிய இன்ஜெக்டரை (டீசலைத் தெளிக்கும் பாகம்), வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட்டே அழுத்தி இயக்குகிறது. அந்த அழுத்தம் முழுவதையும் கேம்ஷாஃப்ட் தாங்குவதால், ஃபோக்ஸ்வாகன் வரையறுத்த தரத்திலான ஆயிலைத் தவிர வேறெதையும் ஊற்றிப் பல ஆண்டுகள் ஓட்டிய காரில் அதன் புடைப்புகள் தேய்ந்திருக்கக்கூடும். கேம்ஷாஃப்ட்டை எஞ்சினோடு இசைந்து சுழற்றும் டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி எஞ்சின் பாழாகும் என்பதால், பெல்ட்டும் வாட்டர் பம்ப்பும் சேர்ந்து மாற்றப்பட்ட ரசீதைக் கேட்டுப் பார்க்க வேண்டும். கிளட்சுடன் இணைந்து எஞ்சின் அதிர்வைத் தணிக்கும் இரட்டை நிறை ஃப்ளைவீல் தேய்ந்திருந்தால், எஞ்சினை நிறுத்தும் வேளையில் கடகடவென்ற ஓசை கேட்கும். இருக்கைகளை மடிக்காமலேயே 580 லிட்டர் டிக்கி, எந்த ஊரிலும் கிடைக்கும் உதிரிபாகம், பலவற்றில் டீசல் புகை வடிகட்டி இல்லாத எளிமை ஆகியவை இதன் பலம். மலைப்பாதையில் முழுச்சுமையுடன் ஏறும்போது மட்டும் எஞ்சின் திணறுவது தெரியும்.

வோல்வோவின் 2.4 லிட்டர், ஐந்து சிலிண்டர் டி5 எஞ்சின் முதலில் 163 குதிரைத்திறனோடு வந்தது. 2005-இல் அது 185 ஆக உயர்ந்தது. புதியதே மேல் என்ற வழக்கமான எண்ணம் இங்கே பொருந்தாது. 185 வடிவத்தில் புகை வடிகட்டியும், உள்ளிழுக்கும் குழாயில் காற்றைச் சுழலவிடும் மடல்களும் உண்டு. அம்மடல்களை இயக்கும் சிறு பிளாஸ்டிக் இணைப்பு கழன்று தொல்லை தருவது பலரும் அறிந்தது. எனவே முந்தைய 163-ஐயே நான் விரும்புவேன். இரண்டுக்கும் பொதுவான பேராபத்து வெளிப்புறத் துணை பெல்ட்டில் இருக்கிறது: அது நைந்து பிய்ந்தால், அதன் நார் டைமிங் பெல்ட்டுக்குள் இழுக்கப்பட்டு எஞ்சினையே அழித்துவிடக்கூடும். டைமிங் பெல்ட் மாற்றியாயிற்று என்று விற்பவர் சொன்னால், துணை பெல்ட்டும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் மாற்றப்பட்டனவா என்று மறக்காமல் கேளுங்கள். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கியர் மாற்றும்போது உதறினால், அந்தக் காரை விட்டுவிடுவதே மேல். டிக்கி 485 லிட்டர்தான் என்றாலும், இதன் இருக்கைகளில் அமர்ந்து நாள் முழுதும் பயணம் செய்தவருக்கு முதுகுவலி என்ற பேச்சே எழாது.

மெர்சிடிஸின் டிக்கி 690 லிட்டர். இருக்கைகளை மடித்தால் 1,950. பெல்ட்டுக்குப் பதிலாகச் செயின் இருப்பதால், மற்ற இரண்டிலும் உள்ள கவலை இங்கே குறைவு. ஆனால் வேறு மூன்று இடங்களில் இந்தக் கார் செலவு வைக்கும். முதலாவது, 2006 நடுப்பகுதிவரை பொருத்தப்பட்ட மின்னணு பிரேக் அமைப்பு. அதன் பம்ப் எத்தனை முறை இயங்கியது என்பதைக் கணினி எண்ணிக்கொண்டே வரும். வரம்பை எட்டியதும் சிவப்பு எச்சரிக்கை எரியும், பாகத்தை மாற்றியாக வேண்டும். இரண்டாவது, பின்புறத்தைத் தாங்கும் காற்றுப்பைகள். இரவு முழுதும் நின்ற காரின் பின்பகுதி தாழ்ந்திருந்தால் காற்று கசிகிறது என்று பொருள். மூன்றாவது, இன்ஜெக்டரின் அடியிலுள்ள செம்பு வளையம் கசிந்து, சிலிண்டரில் எரிந்த வாயு மேலேறிக் கரியாக இறுகுவது. தொடக்கத்தில் கவனித்தால் வளையத்தை மாற்றுவது சிறிய வேலைதான். இறுகிய பிறகு இன்ஜெக்டரைக் கழற்றுவதே பெரும்பாடாகிவிடும். எஞ்சின் மூடியைக் கழற்றிப் பார்க்க விடாத விற்பனையாளரிடம் இந்தக் காரை வாங்க வேண்டாம். ஐந்து கியர் ஆட்டோமேட்டிக் உறுதியானது. அதன் ஆயிலை மாற்றவே தேவையில்லை என்ற பழைய அறிவுரையைப் பின்பற்றாத உரிமையாளர் கிடைத்தால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

2007 இறுதிக்குப் பிந்தைய பிஎம்டபிள்யூ 520டி டூரிங்கை நான் சேர்க்காததற்கு ஒரே காரணம் அதன் டைமிங் செயின். அது எஞ்சினின் பின்புறம், கியர்பாக்ஸ் பக்கத்தில் இருப்பதால், தேய்ந்தால் பெரும்பாலும் எஞ்சினையே இறக்கி வேலை பார்க்க நேரும்.

எதைத் தேர்ந்தாலும், நேரில் போவதற்கு முன் வண்டியின் பதிவெண்ணைக் கொண்டு அரசின் இணையதளத்தில் எம்ஓடி எனும் ஆண்டுத் தகுதிச் சோதனையின் வரலாற்றை இலவசமாகப் பாருங்கள். ஒவ்வொரு சோதனையின் போதும் பதிவான மைலும், எழுதப்பட்ட குறைகளும் அதில் இருக்கும். ஆண்டுக்கு இருபதாயிரம் மைல் ஓடிவிட்டுப் பின்னர் திடீரென இரண்டாயிரமாகக் குறைந்த கார், குறுகிய பயணங்களில் புகை வடிகட்டி அடைபட்டதாக இருக்கலாம். 2018 மே முதல், வடிகட்டி பொருத்தப்பட்ட காரிலிருந்து கண்ணுக்குத் தெரியும் புகை வந்தாலே அது சோதனையில் தோற்றுவிடும்.

செலவைக் கணக்கிட்டு ஓட்டும் ஒருவருக்கு ஆக்டேவியாவையே பரிந்துரைப்பேன். குடும்பத்தோடு நெடுந்தூரம் செல்பவருக்கு, பெல்ட்டுகளின் ரசீதோடு வரும் 163 குதிரைத்திறன் வி70 ஏற்றது. 2006 நடுப்பகுதிக்குப் பிந்தைய, புதிய பிரேக் அமைப்புடன் வந்த ஈ220 மூன்றிலும் மிகச் சிறந்த வாகனம். வாங்கிய விலையில் பாதியையாவது பழுதுக்கென ஒதுக்கிவைக்க முடிந்தவர் அதை வாங்கலாம்.