ஒரே லீடர் இரண்டுக்கும் ஆகுமா? கோகனிக்கும் சாக்கைக்கும் இரட்டை முள் கட்டுவது பற்றி

கோகனியும் சாக்கையும் ஒரே இனத்துச் சால்மன்தான். ஏரியிலேயே வளர்ந்து அங்கேயே முடிவது கோகனி; கடலுக்குப் போய்ப் பெருத்துத் திரும்புவது சாக்கை. கோகனி பெரும்பாலும் ஒரு பவுண்டுக்கு முன்னே பின்னே இருக்கும், சாக்கை நான்கிலிருந்து எட்டு பவுண்டு. (கோகனியிலும் ராட்சதன் உண்டு. ஓரிகனின் வாலோவா ஏரியில் 2010-இல் சிக்கியது 9.67 பவுண்டு.) வாஷிங்டன் மாநிலத்தில் ஷெலான் ஏரிக்குக் கோகனிக்காகவும் பேக்கர் ஏரிக்குச் சாக்கைக்காகவும் போகிறவர்கள் ஒரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதால், ‘ஸ்ட்ராங்கா ஒரு லீடர் கட்டி ரெண்டுக்கும் வச்சுக்கலாமே’ என்ற பேச்சு வந்துவிடும். (லீடர் என்பது முள்ளைக் கட்டுகிற குட்டையான தூண்டில் நரம்பு; இரட்டை முள் என்றால் அதில் முன்னும் பின்னுமாக இரண்டு தூண்டில் முள்.) என் பதில்: வேண்டாம். இரண்டு மீனும் தப்பிக்கிற வழியே வேறு.

கோகனியின் வாய் ஊறிய அப்பளம். லீடர் அறுந்து அது போவது அபூர்வம். முள் பிடித்த இடம் கிழிந்துதான் போகும். அதனால் பத்து, பன்னிரண்டு பவுண்டு இழுப்பைத் தாங்கும் நரம்பே தாராளம். அதற்கு மேல் வலுவைக் கூட்டி ஒரு லாபமும் இல்லை. சாக்கைக்கு ஆட்கள் இருபத்தைந்து, முப்பது பவுண்டு நரம்பு கட்டுவதைப் பார்த்து, மீன் அவ்வளவு முரடா என்று கேட்பார்கள். முரடுதான், ஆனால் காரணம் அது மட்டுமில்லை. ஏரிச் சாக்கைக்குப் பேர்போன முறையே டாட்ஜர் என்கிற, தண்ணீரில் ஆடி மின்னும் தகட்டுக்குப் பின்னால் இரை எதுவும் இல்லாமல் வெறும் சிவப்பு முள்ளைப் படகிலிருந்து இழுப்பது. சியாட்டிலின் வாஷிங்டன் ஏரியில் இது வெகு பிரபலமாக இருந்தது. அங்கே சாக்கைக்குக் கடைசியாக அனுமதி தந்தது 2006-இல். வெறும் முள்ளுக்குத் தானாக ஆட்டம் கிடையாது. தகடு இடமும் வலமும் அடிக்கிற அடி முள்வரை வந்து சேர வேண்டும். மெல்லிய, துவண்ட நரம்பு அந்த அடியை வழியிலேயே விழுங்கிவிடும். தடித்த நரம்பு, அதுவும் எட்டிலிருந்து பதினான்கு அங்குலத்துக்குள் குட்டையாக இருந்தால், முள் துள்ளும். அங்கே வேலை செய்வது நரம்பின் விறைப்பு.

ஃப்ளூரோகார்பனா, நைலானா? ஒளிவிலகல் எண் தண்ணீருக்கு 1.33, ஃப்ளூரோகார்பனுக்கு 1.42, நைலானுக்கு 1.53 அளவில். அதனால் ஃப்ளூரோ மீன் கண்ணுக்குத் தெரியாது என்று விற்கிறார்கள். முன்னால் பளபளவென்று ஒரு தகடு ஆடிக்கொண்டு போகும்போது, பின்னால் நரம்பு தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன! ஃப்ளூரோவின் உண்மையான லாபம் வேறு: விறைப்பு, உராய்வைத் தாங்குவது, தண்ணீரை உறிஞ்சி இளகாமல் இருப்பது. சாக்கைக்குக் கண்ணை மூடிக்கொண்டு இதுதான். கோகனிக்கு நைலானை ஆதரிக்கிறவர்கள் அது நீண்டு கொடுத்து வாயைக் காப்பாற்றும் என்பார்கள். ஒன்றரை அடி லீடர் எவ்வளவுதான் நீளும்? இழுப்பைத் தாங்குவது வளைந்து கொடுக்கிற மெல்லிய தூண்டில் கம்பு. ஆகவே கோகனிக்குக் கையில் இருப்பதைக் கட்டலாம். மீன் உருண்டு உருண்டு நரம்பை முறுக்குவதால் கொஞ்சம் விறைப்பானதே எனக்குப் பிடிக்கும். எதைக் கட்டினாலும் தகட்டருகே நல்ல ஸ்விவல் (முறுக்கு ஏறாமல் தானே சுழலும் இணைப்பு) ஒன்று வேண்டும்.

முடிச்சில்தான் நிஜமான போட்டி. கிளின்ச், பலோமர் இரண்டும் முள்ளின் காதில் உட்காரும் முடிச்சுகள். ஒற்றை முள்ளுக்குக் குறையில்லை; ஒரே நரம்பில் இரண்டு முள்ளை வரிசையாக நிறுத்த அவை வாகாக இல்லை. மிச்சம் ஸ்னெல், எக் லூப். ஸ்னெல்லில் நரம்பு முள்ளின் தண்டையே சுற்றிப் பிடிக்கிறது. காது மேல்நோக்கி மடிந்த ஆக்டோபஸ் வகை முள்ளில் நரம்பு முனை இருக்கும் பக்கமாக வெளியே வரும்படி கட்டினால், இழுத்ததும் முள் சாய்ந்து முனை உள்ளே பாயும். பின்பக்கமாக வந்துவிட்டால் அந்தச் சாய்வு போச்சு. இதைக் கவனிக்காமல் ‘ஸ்னெல் பெரிய விஷயமில்லை’ என்கிறவர்களின் லீடரை ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

எக் லூப்பிலும் பிடி தண்டில்தான். கூடுதலாக, சுற்றுகளின் மேல் திறந்து மூடுகிற ஒரு கண்ணி கிடைக்கும். மீன்முட்டையோ கம்பளி நூலோ மாட்டுவதற்காக வந்த வசதி அது. கோகனிக்கு மாட்டுவது சாயமேற்றிய மக்காச்சோள மணி. அது முனையிலேயே நிற்கும். சாக்கைக்கு வெறும் முள். இருவருக்கும் தேவைப்படாத கண்ணிக்காக எதற்கு இத்தனை சுற்று? ஆற்றில் நூல் கட்டிப் பிடிக்கிறவர்களுக்கு அது இருக்கட்டும். ஏரிக்கு ஸ்னெல்தான் என் ஓட்டு.

கட்டும்போது பின்முள்ளை முதலில் முடித்துவிட்டு, முன்முள்ளை நரம்பில் கோத்து, இடைவெளியை விரலால் பிடித்துக்கொண்டு ஆறேழு சுற்று. கோகனிக்கு இடைவெளி ஓர் அங்குலம், ஒன்றரை, சாக்கைக்கு இரண்டு. சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பக்கத்தில் பக்கத்தில் படிய வேண்டும். இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனைத்தே ஆக வேண்டும். ஃப்ளூரோ உலர்ந்த நிலையில் உராய்ந்தால் சூடேறி நரம்பு வெளுத்துச் சுருளும். சுருண்டதை நீவிப் பார்க்காதீர்கள், வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள்.

முள்ளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கோகனிக்கு நான்கு அல்லது ஆறாம் எண், மெல்லிய கம்பி, கூர் பிசகாதது. அதைச் சாக்கைக்குப் போட்டால் வளைந்து நிமிர்ந்துவிடும். 1/0, 2/0 எண்ணில் தடித்த முள்ளைக் கோகனிக்குப் போட்டால் துளை பெரிதாகி மீன் கழன்றுகொள்ளும். மும்முனை முள்ளை நான் இந்தப் போட்டியிலேயே சேர்க்கவில்லை. மீனை அள்ளுகிற வலையில் சிக்கினால் எடுப்பதற்குள் பொழுது போய்விடும். முனையருகே பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் எதிர்முள் இருக்கலாமா கூடாதா என்பது அந்தந்த ஏரியின் விதி, போகும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

லீடரின் மறுமுனையில், தகட்டுப் பக்கம் வரும் கண்ணிக்கு இரட்டைச் சர்ஜன் முடிச்சு போதும். சாதாரண ஒற்றை முடிச்சில் கண்ணி போட்டால், முப்பது பவுண்டு நரம்பு வாங்கிய காசு அங்கேயே வீண்.

சாக்கை ஒன்று ஏறிய பிறகு இரண்டு முள்ளுக்கும் நடுவே இருக்கிற நரம்பை நகத்தால் தடவிப் பாருங்கள். பல் உரசுகிற இடம் அதுதான். சொரசொரப்பு தட்டுப்பட்டால் முள்ளை மட்டும் எடுத்துக்கொண்டு நரம்பைக் குப்பையில் போடுங்கள்.