கான்டாக்ட் கிளீனரும் ஐபிஏ பாட்டிலும்: சில வருடம் பயன்படுத்திய பிறகு

கான்டாக்ட் கிளீனர் (கரண்ட் கடக்க உலோகங்கள் தொட்டுக்கொள்ளும் இடத்தைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே) வாங்குகிறவர்களில் நிறையப் பேர், ஒரு முறை அழுத்தினாலே டபுள் கிளிக் ஆகும் மவுஸுக்காகத்தான் வாங்குகிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அப்புறம் கீபோர்டு, ரிமோட், பழைய ஆம்ப்ளிஃபயர், கம்ப்யூட்டரின் ராம் மெமரி என்று கண்ணில் பட்ட எல்லாவற்றிலும் அடித்துப் பார்த்தாகிவிட்டது. அழுக்குக்கு இது பிரமாதமாக வேலை செய்யும், தேய்மானத்துக்கு ஒன்றும் செய்யாது. எது அழுக்கு, எது தேய்மானம் என்று பிடிபட்டுவிட்டால் வீண் செலவு நிறையக் குறையும்.

மவுஸையே எடுத்துக்கொள்வோம். அடியில் ஒட்டியிருக்கும் வழுக்குப் பட்டைகளை மெல்லக் கிளப்பினால் பெரும்பாலும் ஸ்க்ரூ அங்கேதான் ஒளிந்திருக்கும். திறந்தால் இடது பட்டனுக்குக் கீழே சின்னதாக ஒரு கறுப்புப் பெட்டி, அதுதான் மைக்ரோ ஸ்விட்ச். அதன் மூடியைப் பிளேடு முனையால் நெம்பி எடுத்தால் (மேலே இருக்கும் குட்டி பட்டன் தெறித்து ஓடும், கீழே வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள்) உள்ளே வளைந்த ஒரு மெல்லிய செப்புத் தகடும், அதன் நுனியில் குண்டூசித் தலையை விடச் சிறிய கான்டாக்ட் புள்ளியும் தெரியும். அந்தப் புள்ளி கறுத்துப் போனால், ஒரு முறை அழுத்தும்போதே தகடு ஒட்டி, சில மில்லிசெகண்டில் விட்டு, திரும்ப ஒட்டும். சிப் அதை இரண்டு கிளிக்காக எடுத்துக்கொள்கிறது. வீட்டில் லைட் போடும் ஸ்விட்சிலும் இந்தக் கறுப்பு படியத்தான் செய்கிறது, ஆனால் அங்கே 230 வோல்ட் அந்தப் படலத்தைத் துளைத்துக்கொண்டு போய்விடும். மவுஸில் ஓடுவது சில வோல்ட், அதிலும் மிகக் குறைந்த கரண்ட், ஒரு மெல்லிய படலமே அதை மறித்துவிடும்.

காகிதத்தை ஒல்லியாக வெட்டி, ஐபிஏவில் (ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால்தான்) நனைத்து, இரண்டு கான்டாக்ட்டுக்கும் நடுவில் வைத்து இழுத்தால் காகிதத்தில் கறுப்புக் கோடு விழும். கோடு விழுவது நிற்கும் வரை இழுக்கலாம். மூடியைத் திறக்கப் பயமாக இருந்தால் பட்டன் இடுக்கில் ஒரு சொட்டு விட்டு நிறைய முறை கிளிக் செய்தாலும் ஓரளவு சரியாகும், ஆனால் சீக்கிரமே திரும்ப வரும். சுத்தம் செய்து கொஞ்ச நாளிலேயே டபுள் கிளிக் திரும்பினால் தகடு தளர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் ஸ்ப்ரே அடிப்பது காசுக்குக் கேடு, சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து ஸ்விட்சையே மாற்றிவிடுங்கள். சென்னையில் இருந்தால் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கேட்டுப் பாருங்கள். ஆப்டிகல் ஸ்விட்ச் உள்ள மவுஸில் உலோகக் கான்டாக்ட்டே கிடையாது, உள்ளே ஒளியை மறித்துத்தான் கிளிக் பதிவாகிறது, அதனால் இந்தத் தொல்லை இல்லை.

ஸ்க்ரோல் வீல் கீழே உருட்டினால் மேலே துள்ளுகிறதா? அது பெரும்பாலும் அழுக்குதான், இங்கேதான் ஸ்ப்ரேவுக்கு நான் முழு மார்க் போடுவேன். வீல் செருகியிருக்கும் என்கோடருக்குள் (உருட்டுவதை உணரும் பாகம்) கொஞ்சம் அடித்து இரண்டு பக்கமும் உருட்டினால் போதும். இதற்கும் ஆம்ப்ளிஃபயர் வால்யூம் குமிழின் கரகரப்புக்கும் லேசாக எண்ணெய்ப் பதம் விடும் கிளீனர்தான் நன்றாகத் தாக்குப்பிடிக்கிறது. போர்டு, ராம், யுஎஸ்பி சாக்கெட் போன்றவற்றுக்கு ஒன்றும் விடாமல் உலர்ந்து போகும் வகை. டப்பாவில் எது என்று எழுதியிருக்கும், படித்து வாங்குங்கள். கதவுக் கீலுக்கு அடிக்கும் சாதாரண டபிள்யூடி-40 இந்த வேலைக்கு வேண்டாம், அது விட்டுப்போகும் எண்ணெயில் தூசி ஒட்டிப் பிசுபிசுவென்று ஆகிவிடும். அந்தக் கம்பெனியே கான்டாக்ட் கிளீனர் என்று தனியாக ஒன்று விற்கிறது.

கீபோர்டில் டீ கொட்டினால் எல்லோரும் ஐபிஏவைத்தான் தேடுகிறார்கள். சர்க்கரை ஆல்கஹாலில் சரியாகக் கரையாது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரில் நனைத்த துணியால் முதலில் இனிப்பை எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் ஈரத்தை விரட்டத்தான் ஐபிஏ. மெம்பிரேன் கீபோர்டின் பிளாஸ்டிக் தாளில் ஓடும் கோடுகள் வெறும் மசியால் அச்சடித்தவை, அழுத்தித் தேய்த்தால் கையோடு வந்துவிடும். ரிமோட் ரப்பரின் கறுப்புப் பொட்டுகளும் அப்படியே, ஒற்றி எடுங்கள். மெக்கானிக்கல் கீபோர்டில் (ஒவ்வொரு எழுத்துக்கும் தனி ஸ்விட்ச் உள்ளது) ஒரே எழுத்து இரண்டாக விழுந்தால் எழுத்தின் மேல்மூடியைக் கழற்றி, தண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு இடுக்கில் அடித்து, ஒரு நிமிடம் விடாமல் தட்டுங்கள். என் அனுபவத்தில் மவுஸை விட இது நீண்ட நாள் நிற்கிறது.

வயர்லெஸ் கீபோர்டில் பேட்டரி கசிந்து ஸ்பிரிங்கில் வெள்ளையாகப் பூத்திருந்தால் ஸ்ப்ரே எடுக்காதீர்கள். ஆல்கலைன் பேட்டரியிலிருந்து வருவது காரம், அதை முறிக்க அமிலம் வேண்டும். பட்ஸில் ஒரு சொட்டு வினிகர் தொட்டு வைத்தால் லேசாக நுரைக்கும். துடைத்து, தண்ணீர் தொட்ட பட்ஸால் இன்னொரு முறை துடைத்து, கடைசியில் ஐபிஏ. பச்சைக் களிம்பு ஆழமாக அரித்திருந்தால் ஸ்பிரிங்கை மாற்றுவதுதான் வழி.

ஐபிஏ வாங்கும்போது 99 சதவீதம் என்று பார்த்து வாங்குங்கள். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 70 சதவீதத்தில் மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். சானிடைசரில் கையை மிருதுவாக்கக் கிளிசரின் சேர்ப்பார்கள், அது போர்டிலேயே தங்கிவிடும். தின்னர், அசிட்டோன் பக்கம் போகவே வேண்டாம், பிளாஸ்டிக் உருகும். ராமை அழிரப்பரால் தேய்ப்பது நம் ஊர் சர்வீஸ் கடைகளில் காலங்காலமாக நடப்பதுதான், வேலையும் செய்கிறது, ஆனால் அந்தத் தங்க முலாம் மிக மெல்லியது, எனக்கு ஐபிஏ தொட்ட துணியே போதும் என்று படுகிறது.

கரண்ட்டைப் பிடுங்கிவிட்டு, பேட்டரியையும் கழற்றிவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும். ஐபிஏ ஆவி 12 டிகிரி செல்சியஸிலேயே ஒரு பொறி பட்டால் தீப்பிடிக்கும், நம் ஊர் அறைகள் பெரும்பாலும் அதற்குக் கீழே போவதில்லை. ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் ஊதுபத்தி கூட வேண்டாம், அடித்த பிறகு நன்றாக உலர்ந்ததும் பிளக்கைச் செருகுங்கள்.