மெலிந்த குட்டியை அவசரப்பட்டுக் கொழுக்கவைக்காத ஒரு கிளினிக் (வெள்ளவத்தை)

கொழும்பில் கட்டாக்காலிக் குட்டி ஒன்றைத் தூக்கிவந்து வளர்க்கத் தொடங்குபவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "என்ன குடுத்தால் கெதியாய் உடம்பு தேறும்?" என்பதுதான். நானும் அதைத்தான் கேட்டேன். காலி வீதியில் ஒரு கடையில் உடனே ஒரு டின்னை எடுத்து நீட்டி, இரண்டு கிழமையில் குட்டி உருண்டுவிடும் என்றார்கள். இந்தக் கிளினிக்கில் மட்டும் முதலில் தராசில் வைத்தார்கள், அப்புறம் விலாவைத் தடவிப் பார்த்தார்கள், அதற்குப் பிறகுதான் சாப்பாட்டுக் கதை வந்தது. இதை எழுதுவதற்கு அது ஒன்றே காரணம்.

இடம் வெள்ளவத்தை, காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்று. பெயரைப் பொதுவில் போடவேண்டாம், இருக்கிற கூட்டத்துக்கே இடம் காணாது என்று டொக்டர் கேட்டுக்கொண்டதால் போடவில்லை. அந்தப் பக்கத்தில் நாய் வளர்க்கும் யாரிடம் கேட்டாலும் வழி காட்டுவார்கள். மாடி வீட்டின் கீழ்த்தளம், முன்னறையில் பிளாஸ்டிக் கதிரைகள், உள்ளே ஒரு மேசை, ஒரு தராசு. பார்த்தால் பெரிய இடம்போலத் தெரியாது. டொக்டர் பேராதனையில் படித்தவர், தமிழ், சிங்களம் இரண்டிலும் ஒரே பொறுமையோடு கதைக்கிறார். வருகிற எல்லோரும் அவருக்குத் தங்கச்சி, தம்பி, அம்மாதான்.

இங்கே நான் எடுத்தது குட்டிகளுக்கான மாதாந்தச் சேவை. ஆறு மாத வயது வரைக்கும் கிழமைக்கு ஒருமுறை நிறை பார்ப்பது, பூச்சி மருந்து, சாப்பாட்டு அளவை மாற்றிக் கொடுப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். தடுப்பூசிகளுக்குத் தனிக் காசு. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ஐத் தாண்டிப் போனதற்குப் பிறகு இறக்குமதி நாய் உணவு என்ன விலைக்குப் போனது என்பது வாங்குபவர்களுக்குத் தெரியும். ஒரு பெரிய மூட்டைக்குக் கொடுக்கிற காசைவிட இந்த மாதக் கட்டணம் குறைவு. அதோடு, சோறும் சாளை மீனும் கோழி ஈரலும் வைத்து வீட்டிலேயே எப்படிச் சமாளிப்பது, அதில் என்ன குறையும், அந்தக் குறையை எதால் நிரப்புவது என்றும் விளக்கமாகச் சொல்லித் தருகிறார்கள். மாட்டுப்பால் வேண்டாம் என்பதற்கும் காரணம் சொன்னார்கள்: நாய்ப்பாலில் மாட்டுப்பாலைவிடக் கொழுப்பும் புரதமும் இரண்டு மடங்குக்கு மேல், பாற்சர்க்கரை குறைவு. அதனால் மாட்டுப்பால் கொடுத்தால் குட்டிக்கு வயிறும் நிறையாது, வயிற்றாலும் போகும்.

எங்கள் கறுப்பி சந்தைக்குப் பின்னால் கிடந்தவள். வயிறு மட்டும் ஊதி, மற்றதெல்லாம் எலும்பு. டொக்டர் என்னுடைய கையைப் பிடித்து அவளுடைய விலாவில் வைத்தார். பிறகு என் கையையே முஷ்டியாக மடக்கச் சொல்லி, மற்றக் கையின் விரலால் அந்த விரல் மூட்டுகளைத் தடவச் சொன்னார். "இப்ப இவளின்ட விலா இப்பிடி இருக்கு. இது பட்டினி." கையை விரித்து உள்ளங்கைப் பக்கம் தடவச் சொன்னார். "இப்பிடி எலும்பு தெரியாமல் போனால் கொழுப்பு." அப்புறம் புறங்கை. மெல்லிய தோலுக்குக் கீழே எலும்பு தட்டுப்படும், ஆனால் துருத்திக்கொண்டு நிற்காது. "இதுதான் வேணும், இதுக்கு மேல வேண்டாம்." அன்றிலிருந்து வீட்டில் எல்லோரும் கறுப்பியைத் தடவும்போது புறங்கையையும் தடவிப் பார்க்கிறோம்.

கடையில் தந்த அந்த டின் பவுடரை டொக்டரிடம் காட்டினேன். அவர் திறக்கவே இல்லை. "தங்கச்சி, கொழுக்க வைக்கிறது லேசு. பிறகு இடுப்பு நோவுக்கு மருந்து கேட்டு நீங்கள்தான் வருவீங்கள்" என்றார். பட்டினி கிடந்த குட்டிக்குச் சாப்பாடு அவசியம்தான், அதில் அவருக்கு மறுப்பில்லை, ஆனால் இழந்ததையெல்லாம் ஒரே மாதத்தில் பிடித்துவிட வேண்டும் என்ற ஓட்டம்தான் அவருக்குப் பிடிக்காதது. ஏன் என்று கேட்டதற்கு, வெளியே ஆட்கள் காத்திருக்கும்போதே உட்கார்ந்து விளங்கப்படுத்தினார். அதைக் கேட்ட பிறகு நானும் தேடி வாசித்தேன். இந்தச் சேவைக்குப் பின்னால் உள்ள அறிவு அதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கேம்பிரிட்ஜில் சூசன் ஓசானும் நிக்கலஸ் ஹேல்ஸும் சுண்டெலிகளில் செய்து 2004 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. கர்ப்பத்தில் தாய்க்குப் புரதம் குறைந்த உணவு கொடுத்தார்கள், குட்டிகள் சிறியதாகப் பிறந்தன. பிறந்ததும் அவற்றை நன்றாகச் சாப்பிடும் வேறு தாய்களிடம் பால் குடிக்க விட்டார்கள். குட்டிகள் கிடுகிடுவென்று வளர்ந்து மற்றவற்றை எட்டிப் பிடித்தன, பார்க்கிறவர்களுக்கு அது வெற்றிதான். ஆனால் அவை செத்தது மற்றவற்றுக்கு முன்னால். இன்னொரு கூட்டத்துக்கு நேர்மாறாகச் செய்தார்கள். வயிற்றில் நல்ல ஊட்டம், பிறந்த பிறகு பால் குடிக்கும் காலத்தில் மட்டும் மெதுவான வளர்ச்சி. அவை நீண்ட காலம் வாழ்ந்தன. இதை வாசித்தபோது எனக்கு உண்மையிலேயே மனம் கனத்தது, ஏனென்றால் மெலிந்து பிறந்த பிள்ளைக்கும் குட்டிக்கும் நாங்கள் அன்பு காட்டும் விதமே ஊட்டி ஊட்டிப் பெருக்க வைப்பதுதான்.

மீனிலும் இதே கதை. கிளாஸ்கோவில் முள்முதுகு மீன் என்கிற சிறிய மீனை எடுத்து, இளம் பருவத்தில் சில கிழமைகளுக்கு மட்டும் தண்ணீரின் சூட்டைக் கூட்டியும் குறைத்தும் விட்டார்கள். குளிரில் வளர்ச்சி பின்தங்கிய மீன்கள், சாதாரணத் தண்ணீருக்கு வந்ததும் வேகமெடுத்து அளவை எட்டின, அவற்றின் ஆயுள் சுமார் 15 சதவீதம் குறைந்தது. சூட்டில் முந்தி வளர்ந்துவிட்டு, பிறகு வேகம் குறைந்தவற்றுக்கு ஆயுள் சுமார் 30 சதவீதம் கூடியது. சாதாரணமாக இரண்டு வருடம்தான் வாழ்கிற மீன், அதில் 30 சதவீதம் என்பது பெரிய வித்தியாசம். 2013 இல் வெளியான ஆய்வு இது. உடம்பு அவசரமாகக் கட்டப்படும்போது கலங்களில் சேதம் கூடுகிறது, திருத்துவதற்குப் போகவேண்டிய சக்தியும் வளர்ச்சிக்கே போய்விடுகிறது என்பது ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம். குஞ்சுப் பருவத்திலேயே ஆயுளுக்கு அடையாளம் தெரியும் என்பதற்கும் அதே கிளாஸ்கோவில் ஒரு ஆய்வு இருக்கிறது: வரிக்குருவிகளில், குரோமோசோம் நுனிகளில் இருக்கும் டெலோமியர் என்கிற பகுதியைக் குஞ்சுக்கு 25 நாள் வயதாக இருக்கும்போதே அளந்து, அது நீளமாக இருந்த குருவிகள்தான் கூட நாள் வாழ்ந்தன என்று கண்டார்கள். அது 2012 இல்.

நாய்க்கு வருவோம். லாப்ரடோர் குட்டிகள் 48 ஐ, ஒரே ஈற்றில் பிறந்தவற்றை இரண்டு இரண்டாகச் சோடி சேர்த்து, எட்டுக் கிழமை வயதிலிருந்து ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாகச் சாப்பாடு கொடுத்து, வாழ்நாள் முழுவதும் பார்த்திருக்கிறார்கள். குறைவாகச் சாப்பிட்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 வருடம், மற்றவற்றுக்கு 11.2. மூட்டுவாதமும் அவற்றுக்குப் பிந்தியே வந்தது. முடிவுகள் 2002 இல் வந்தன. "குறைவாகச் சாப்பிட்டது" என்றால் பட்டினி இல்லை, புறங்கை அளவு. இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும்: அது குட்டிக் காலத்துக்கு மட்டுமான சோதனை இல்லை, சாகும் வரைக்கும் அதே அளவுதான் கொடுத்தார்கள். சுண்டெலியில் கண்டதை அப்படியே தூக்கி நாய்க்குப் போடமுடியாது என்று டொக்டரே இரண்டு தரம் சொன்னார். இப்படிச் சொல்கிற வைத்தியரை நான் நம்புவேன்.

சரி, சாப்பாட்டை விடுவோம். இந்த இடத்தில் எனக்கு இன்னும் பிடித்தது, தாயில்லாக் குட்டிகளை அவர்கள் பார்க்கும் முறை. கண் திறக்காத குட்டியைக் கொண்டுபோனால், பால் கொடுத்துக்கொண்டிருக்கும் நாய் உள்ள வீடு ஏதும் இருக்கிறதா என்று முதலில் தொலைபேசியில் தேடுகிறார்கள். போத்தல் பால் அதற்குப் பிறகுதான். தாய் நக்கிக்கொடுப்பதும் மருந்துதான் என்பது டொக்டரின் பேச்சு. எலிகளில் மைக்கல் மீனி என்கிற ஆய்வாளரும் கூட இருந்தவர்களும் கண்டது இதுதான்: தாய் அதிகம் நக்கி வளர்த்த குட்டிகள் பெரியதான பிறகு பயத்தையும் அதிர்ச்சியையும் சீக்கிரம் அடக்கிக்கொண்டன. குறைவாக நக்கும் தாய்க்குப் பிறந்த குட்டியை, அதிகம் நக்கும் தாயிடம் மாற்றி விட்டால் அதுவும் அப்படியே அமைதியாக வளர்ந்தது. பெற்றவள் யார் என்பதைவிட வளர்த்தவள் எப்படி என்பது மரபணுவின் வேலையில் அடையாளம் போடுகிறது. 2004 இல் வந்த அந்த ஆய்வை வாசித்தால் தெருவோரத்தில் பெட்டியில் விடப்பட்ட குட்டிகளைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

கென்யாவின் அம்பொசெலியில் 1971 இலிருந்து பபூன் குரங்குகளைத் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்கிறார்கள். வறட்சியில் பிறந்தது, தாயை இழந்தது, தாய்க்குக் கூட்டத்தில் மதிப்பில்லாதது, அடுத்த குட்டி சீக்கிரம் பிறந்துவிட்டது என்று இப்படிப்பட்ட கஷ்டங்களில் மூன்றோ அதற்கு மேலோ குட்டிக்காலத்தில் பட்ட பெண் குரங்குகள், ஒன்றும் படாதவற்றையும் ஒன்று மட்டும் பட்டவற்றையும்விட இடைநிலை ஆயுளில் பத்து வருடம் முந்திச் செத்தன. ஒரு கஷ்டத்தோடு நின்றவை பெரும்பாலும் தப்பிக்கொண்டன. ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்வதுதான் ஆளை விழுத்துகிறது. தாயில்லாத குட்டிக்குப் பூச்சியும் பட்டினியும் சேர்ந்து வராமல் ஒன்றையாவது முதல் நாளே வெட்டிவிடவேண்டும் என்று இந்தக் கிளினிக் அவசரப்படுவதற்கு என் கணக்கில் இது போதுமான நியாயம். மற்ற எதிலும் அவசரப்படாதவர்கள், பூச்சி மருந்தில் மட்டும் அன்றைக்கே கொடுத்துவிட்டுத்தான் அனுப்புவார்கள்.

பூனைக்குட்டி கேட்டுப் போனால் கொஞ்சம் கோபம் வரலாம். சின்னதாக, பஞ்சுபோல இருக்கும்போதே கொண்டுபோகத்தான் ஆட்களுக்கு விருப்பம். இவர்கள் பன்னிரண்டு கிழமை ஆகாமல் தாயிடமிருந்து பிரிக்க மாட்டார்கள், எவ்வளவு கெஞ்சினாலும் முடியாது. முன்னறையில் ஒரு அம்மா இதற்காகச் சத்தம் போட்டுவிட்டே போனார். எனக்குக் கிளினிக்தான் சரியென்று படுகிறது. பின்லாந்தில் 5,700 க்கு மேற்பட்ட பூனைகளைப் பற்றிக் கேட்டு 2017 இல் வெளியிட்ட ஆய்வில், எட்டுக் கிழமைக்கு முன்னால் தாயைப் பிரிந்தவை அந்நியர்மேல் பாய்வது கூடுதலாக இருந்தது. பதினான்கு கிழமை வரை தாயோடு விடுவது இன்னும் நல்லது என்பது அவர்களுடைய ஆலோசனை.

இனிக் குறைகள், அவையும் இருக்கின்றன. காத்திருப்பு மோசம். நேரம் குறித்துக் கொடுப்பதில்லை, வந்தவர் வந்தபடி. மாலையில் முன்னறை புழுங்கும், ஒரே ஒரு காற்றாடி. பெரிய நாயோடு வருபவர்கள் குட்டிகளோடு ஒரே இடத்தில் இருக்கவேண்டியிருக்கிறது, தடுப்பூசி முடியாத குட்டிக்கு இது ஆபத்து. குட்டிகளைக் கொல்கிற பார்வோ வைரஸ் பரவுகிற காலத்தில் நான் ஓட்டோவிலேயே இருந்து, முறை வந்ததும் உள்ளே போனேன், நீங்களும் அப்படிச் செய்யுங்கள். இதை டொக்டரிடம் சொன்னேன், பக்கத்து அறையைக் குட்டிகளுக்கென்று எடுக்கப் பார்ப்பதாகச் சொன்னார். வங்கி அட்டை எடுக்கமாட்டார்கள், காசாகக் கொண்டுபோங்கள். வாகனம் நிறுத்த இடமில்லை. நிறை அட்டை கையெழுத்தில்தான், தொலைந்தால் தொலைந்ததுதான், அதனால் ஒவ்வொரு தரமும் தொலைபேசியில் படம் எடுத்துவையுங்கள்.

ஒரு மாதத்தில் குண்டுக்குட்டி வேண்டும் என்பவர்களுக்கு இந்த இடம் சரிவராது. அளவுக்கரண்டியால் அளந்து வைக்கவும், அது கண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாலும் இன்னொரு பிடி வைக்காமல் இருக்கவும் தயார் என்றால் போங்கள். வீட்டில் அம்மம்மாவோ அப்பாவோ மேசைக்குக் கீழே இரகசியமாகக் கொடுப்பவராக இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள், டொக்டர் பேசிச் சம்மதிக்க வைப்பார். எங்கள் வீட்டில் அம்மம்மா இப்போது கறிவேப்பிலைப் புட்டைக் கறுப்பிக்குக் கொடுப்பதை நிறுத்தியது அவரால்தான்.

முதல் தரம் போகும்போது குட்டியின் மலத்தில் கொஞ்சத்தைச் சின்னப் போத்தலில் அன்று காலையே எடுத்துக்கொண்டு போனால் பூச்சிப் பரிசோதனை உடனே முடியும், இல்லாவிட்டால் இன்னொரு நாள் வரவேண்டும். காலையில் கூட்டம் குறைவு. போயா நாட்களிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் பூட்டு.