கோடை விடுமுறைக்கு எது: பயறுத் தொட்டியா, கறிவேப்பிலைப் புழுவா, பறவைத் தண்ணீரா, கடற்கரையா?

பள்ளிக்கூடம் மூடியதும் எங்கள் வீட்டில் எழுகிற கேள்வி இது. நாலு வயதுப் பையன், ஏழு வயதுப் பெண். சென்னை வெயிலில் இவர்களுக்கு வெளியே எதைக் காட்டுவது? இந்த நான்கையும் மூன்று கோடைகளாகச் செய்து பார்த்துவிட்டோம். நான் கவனிப்பது ஒன்றைத்தான்: மறுநாள் காலையில் நான் கூப்பிடாமலே குழந்தை எழுந்து போய்ப் பார்க்கிறதா?

எதைச் செய்தாலும் காலை எட்டரைக்குள், இல்லையென்றால் மாலை ஐந்துக்கு மேல். மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டால் மொட்டைமாடித் தரையில் வெறுங்காலோடு விடவே கூடாது.

முதலில் பயறுத் தொட்டி. செலவே இல்லை, சமையலறை டப்பாவிலேயே விதை இருக்கிறது. கீரை விதையை விட இதுதான் சின்னப் பிள்ளைகளுக்குச் சரி. கீரை விதை பொடி, மணலோடு கலந்து தூவ வேண்டும், அந்தக் கைக்குப் பிடிபடாது. தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, துவரம்பருப்பு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். நாலைந்து நாளில் தட்டைப்பயறு கழுத்தை வளைத்துக்கொண்டு, இரண்டு பருப்பையும் தூக்கிக்கொண்டு மண்ணுக்கு மேலே வரும். கொண்டைக்கடலை பருப்பை உள்ளேயே வைத்துக்கொண்டு தளிரை மட்டும் அனுப்பும். உடைத்த துவரம்பருப்பு முளைக்கவே முளைக்காது. "ஏம்மா இது மட்டும் வரல?" என்று என் பெண் கேட்டபோது, அவளையே தோண்டிப் பார்க்கச் சொன்னேன். முளை இருந்த இடம் உடைத்த பருப்பில் இல்லை என்பதை அவளே கண்டுபிடித்தாள். எந்தப் பாடப் புத்தகமும் அவளுக்கு இதை இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்காது.

குறை என்னவென்றால், முளைத்த பிறகு பத்து நாள் பெரிதாக ஒன்றும் நடக்காது. செடி வளர்கிறது, அவ்வளவுதான். சின்னவன் அந்த இடத்தில் கழன்றுகொண்டான். தண்ணீர் ஊற்றுவதும் என் தலையில் விழுந்தது.

கறிவேப்பிலைச் செடியில் அப்படி ஒரு இடைவெளியே கிடையாது. துளிர் விட்டிருக்கும் செடி ஒன்று வெளியே இருந்தால் போதும், எலுமிச்சை, கறிவேப்பிலை இலைகளில் முட்டையிடும் பட்டாம்பூச்சிகள் தாமாகத் தேடி வரும். கடுகு போல வெளிர்மஞ்சள் முட்டை, ஒவ்வொன்றாகத் தனித்தனி இலையில். சில நாளில் பொரிந்து வரும் குட்டிப் புழு அச்சு அசலாகப் பறவை எச்சம் மாதிரியே இருக்கும். என் பையன் முதலில் அதைத் துடைக்கப் போனான்! வளர்ந்தபின் தோல் உரித்து இலைப் பச்சைக்கு மாறிவிடும். மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னால் சிவப்பாக இரண்டு கொம்பு நீட்டும், ஒரு நெடியும் வரும். இந்தக் கொம்பைப் பார்ப்பதற்காகவே அவன் பல் தேய்க்கும் முன்னே மாடிக்கு ஓடினான். தொந்தரவு செய்தால்தான் கொம்பு வரும் என்பதால், ஒரு புழுவுக்கு ஒரு தடவைதான் என்று நான் கட்டுப்பாடு வைத்தேன். பிறகு கூட்டுப்புழு, பிறகு ஒரு காலையில் சிறகு காய வைத்துக்கொண்டிருக்கும் பட்டாம்பூச்சி. முட்டையில் தொடங்கி எல்லாம் சுமார் ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடுகிறது, விடுமுறைக்குக் கச்சிதமான அளவு.

இதிலும் வலி உண்டு. நாங்கள் பார்த்த ஐந்து புழுக்களில் மூன்று காணாமல் போயின, ஒன்றைக் குருவி கொத்திக்கொண்டு போனதைக் குழந்தைகளே பார்த்தார்கள். பெண் அழுதாள். "குருவிக்கும் குஞ்சு இருக்கும்ல" என்று அன்று ராத்திரி அவளே சொன்னாள். மூடி போட்ட டப்பாவில் வளர்த்திருந்தால் ஐந்தும் பிழைத்திருக்கலாம், ஆனால் இந்தப் பேச்சு வந்திருக்காது. நான் செடியிலேயே விட்டுவிடும் கட்சி.

பறவைக்குத் தண்ணீர் வைப்பது இவை எல்லாவற்றையும் விட எளிது. அகலமான மண் தட்டு, இரண்டு அங்குலத் தண்ணீர், நிழல். காகம், மைனா, அணில், கூட்டமாகக் கத்திக்கொண்டு வரும் தவிட்டுக்குருவி. மூன்று வயதுக் குழந்தைக்கு எண்ணக் கற்றுக்கொடுக்க இதுவே போதும். தினமும் கழுவித் தண்ணீர் மாற்ற வேண்டும், விட்டால் கொசுப்புழு வந்துவிடும். குறை, பறவை நம் நேரத்துக்கு வராது. பொறுமை இல்லாத குழந்தை ஐந்து நிமிடத்தில் உள்ளே போய்விடும். ஆனால் மேயில் குயில் கூவுவதைக் காட்டி, காக்கைக் கூட்டில் அது முட்டையிடும் கதையைச் சொன்னால் உட்கார்ந்து கேட்கும்.

கடற்கரை உற்சாகத்தில் முதலிடம். காலை ஆறு மணிக்குத் திருவான்மியூர் மணலில் நண்டு வளை, அடம்புக் கொடியின் இளஞ்சிவப்புப் பூ, கிளிஞ்சல். ஆனால் அது வாரத்துக்கு ஒரு நாள் காட்சி. நேற்றுப் பார்த்த நண்டை இன்று போய் விசாரிக்க முடியாது. ஆமைக்குஞ்சு காட்டலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று: பங்குனி ஆமைகள் இங்கே முட்டையிடுவது ஜனவரியிலிருந்து மார்ச் வரை, குஞ்சு பொரிய 45 முதல் 60 நாள் ஆகும். அதனால் விடுமுறை தொடங்கும்போது அந்தப் பருவம் முடியும் தறுவாயில் இருக்கும். ஆமை முட்டைகளைத் தேடிக் காப்பாற்ற 1988 முதல் மாணவர்கள் கடற்கரையில் நடத்திவரும் ஆமை நடை நள்ளிரவில் பல கிலோமீட்டர், சின்னப் பிள்ளைகளால் முடியாது. வேடந்தாங்கலும் அப்படித்தான். அது நவம்பர் தொடங்கி குளிர்காலத்துக்கான இடம், மேயில் போனால் ஏரியில் பறவையும் குறைவு, தண்ணீரும் பெரும்பாலும் இருக்காது.

ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் நான் கறிவேப்பிலைச் செடியைச் சொல்வேன். நாலு வயதுக்குக் கீழே என்றால் தண்ணீர்த் தட்டு. ஏழு வயதுக்கு மேல், கேள்வி கேட்கிற பிள்ளை என்றால் மூன்று பயறுத் தொட்டி. கடற்கரை எதற்கும் மாற்று அல்ல, எல்லாவற்றோடும் சேர்த்துக்கொள்ளலாம்.

நர்சரியில் கறிவேப்பிலைச் செடி வாங்கும்போது பூச்சிமருந்து அடித்ததா என்று கட்டாயம் கேளுங்கள். அடித்த செடி என்றால் வரும் புழு செத்துவிடும். கொஞ்சம் பெரிய செடியாகவே எடுங்கள், மூன்று புழுக்கள் ஒரு சின்னச் செடியை ஒரே வாரத்தில் மொட்டையாக்கிவிடும். ரசத்துக்கு வேறு கறிவேப்பிலை வாங்கிக்கொள்ளலாம்.